ஆட்டத்துல இருந்து மொதல்ல எழுந்து போறது யாரு?

போர்டு கேம் விமர்சனம்னு நான் படிச்சதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. பெட்டிக்குள்ள என்ன இருக்கு, கட்டை மரமா பிளாஸ்டிக்கா, அதிர்ஷ்டம் எவ்வளவு மூளை எவ்வளவு, எத்தனை தடவை ஆடினா அலுக்கும், கடைசில பத்துக்கு எத்தனை மார்க். எல்லாம் தேவையான விஷயம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா நான் ஒரு கேள்வியை மட்டும் வச்சுத்தான் மார்க் போடறேன். ஆட்டம் நடக்கும்போது மொதல்ல எழுந்து போறது யாரு?

எங்க வீட்டைப் பொறுத்தவரை இதுக்குப் பதில் ரொம்ப நாளா ஒண்ணுதான். அத்தை. அதாவது என் மாமியார். எழுந்து போற இடம் சமையல்கட்டு.

மாமா ஆவடி டாங்க் ஃபேக்டரியில முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்துல லீவு நாள்னா கூட வேலை செய்யறவங்க நாலு பேர் வந்து திண்ணையில உக்காந்து ரம்மி ஆடுவாங்களாம். அத்தைக்கு அந்த ரம்மியில என்ன பங்குன்னா, மூணு ரவுண்டு டீ, ஒரு ரவுண்டு பஜ்ஜி. சீட்டைத் தொட்டதே இல்லை. இதை அவங்க ஒரு குறையாவும் சொல்லலை, சும்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அதனாலதான் எனக்கு சுருக்குனு இருந்துச்சு.

இப்ப வேப்பம்பட்டுல எங்க வீட்ல ஆறு பேர். மாமா, அத்தை, ரங்கமணி, நான், பன்னெண்டாவது படிக்கிற பெரியவ, ஏழாவது படிக்கிற சின்னவன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா ஆறு பேருக்கும் ஆறு மூலை. அஞ்சு போன், ஒரு டிவி. பெங்களூர்ல இருக்கற என் தம்பிக்கு போர்டு கேம் பைத்தியம். ஆடி முடிச்ச பெட்டிகளை ஒவ்வொரு தடவை வரும்போதும் எங்க வீட்ல இறக்கிட்டுப் போயிடுவான். சொந்தக் காசு போட்டு வாங்கியிருந்தா இதுல பாதி எங்க வீட்டுக்குள்ள வந்திருக்காதுங்கறதை மொதல்லயே சொல்லிடறேன். நல்ல பெட்டி ஒண்ணு ஆயிரக்கணக்குல போகுது.

சரி, என் அளவுகோல் நாலு. ஒண்ணு, மேல சொன்ன எழுந்து போற விஷயம். ரெண்டு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்க ஆட முடியுமா (அத்தை தினத்தந்தியை எழுத்து விடாம படிப்பாங்க, இங்கிலீஷ் தெரியாது). மூணு, ஃபேன் ஓடும்போது ஆட முடியுமா. மே மாசம் எங்க ஏரியாவுல ஃபேனை நிறுத்திட்டு சீட்டாடச் சொன்னா வீட்ல கொலை விழும். நாலு, தோத்தவங்க "இன்னொரு ஆட்டம்"னு கேக்கறாங்களா. இனி ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பிசினஸ் (பாரின்ல மோனோபொலி)

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஆட்டம்ங்கறதால இதுல இருந்து ஆரம்பிக்கிறேன். பம்பாய் வாங்கி, டெல்லி வாங்கி, வீடு கட்டி, வாடகை கேட்டு அழ வைக்கிற அதே ஆட்டம். இதோட கதை தெரியுமோ? லிஸ்ஸி மேகின்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி, நிலத்தை வளைச்சுப் போட்டு வாடகை வாங்கறது எவ்வளவு அநியாயம்னு ஜனங்களுக்குக் காட்டணும்னு 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'னு ஒண்ணு செஞ்சு, 1904-ல காப்புரிமை வாங்கினாங்க. அது கை மாறி உரு மாறி, 1935-ல பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி சார்லஸ் டாரோங்கறவர் கிட்ட இருந்து மோனோபொலின்னு வாங்கி வித்தப்போ கோடிக்கணக்குல போச்சு. அந்தம்மாவோட காப்புரிமைக்கு அந்தக் கம்பெனி கொடுத்தது 500 டாலர். வாடகை அநியாயம்னு சொல்ல வந்த ஆட்டம், வாடகை வாங்கறது எவ்வளவு ஜாலின்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்துடுச்சு. ஸ்டேஷன்ல இருந்து நடந்து வர்றதுக்குள்ள பத்து இடத்துல 'மனைகள் விற்பனைக்கு' போர்டு பார்க்கற எங்க ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது :-)

என் பிரச்சினை வேற. இந்த ஆட்டத்துல காசு போனா ஆளும் போச்சு. மிச்ச பேர் இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆடுவாங்க, திவாலானவங்க வேடிக்கை பார்க்கணும். எங்க வீட்ல ஒவ்வொரு தடவையும் மொதல்ல திவாலாகறது அத்தைதான். கிடைச்ச ஊரையெல்லாம் அடமானம் வச்சு, பேரன் கேட்ட விலைக்குக் கொடுத்து, அரை மணி நேரத்துல கையைத் தட்டிட்டு எழுந்துடுவாங்க. பாவம், வியாபாரம் தெரியலைன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு நாள் பெரியவதான் கவனிச்சா. "பாட்டி வேணும்னே தோக்கறாங்கம்மா. ஏழு மணிக்கு மாவு அரைக்கணுமே." நேரா கேட்டதுக்கு அத்தை சிரிச்சாங்க. "பின்ன? ஆட்டம் முடியற வரைக்கும் உக்காந்திருந்தா ராத்திரிக்கு யாரு பண்றது?"

ஆளை வெளியேத்தற ஆட்டம் யாரை வெளியேத்தும்? யாருக்கு வெளிய வேலை காத்திருக்கோ அவங்களை. நவீன ஆட்டங்கள்ல பெரும்பாலானதுல ஒருத்தரும் நடுவுல வெளிய போறதில்லை, எல்லாரும் கடைசி வரைக்கும் உக்காந்து புள்ளி எண்ணுவாங்க. விமர்சகர்கள் இதை ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு இதுதான் புரட்சி.

மார்க்: இங்கிலீஷ் பாஸ், ஃபேன் ஃபெயில் (நோட்டெல்லாம் பறக்கும்), மத்த ரெண்டும் ஃபெயில்.

கேட்டான்

1995-ல ஜெர்மனியில வந்தது. பண்ணினவர் கிளாஸ் டாய்பர், பல்செட்டு செய்யற டெக்னீஷியனா இருந்தவர், 2023-ல காலமானார். பத்தொன்பது அறுகோண நிலம் சேர்ந்து ஒரு தீவு. மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது. இதெல்லாம் சேர்த்து ரோடு போட்டு ஊர் கட்டி, மொதல்ல பத்து புள்ளி எடுக்கறவங்க ஜெயிச்சாங்க.

"தாயம் மாதிரி வெறும் அதிர்ஷ்டம் கிடையாது, இது மூளை ஆட்டம்"னு தம்பி பில்டப் கொடுத்துத்தான் இறக்கினான். இது பாதிதான் உண்மை. கேட்டான்லயும் பகடைதான். ரெண்டு பகடை உருட்டினா 36-க்கு 6 தடவை ஏழு விழும், 6-ம் 8-ம் அஞ்சஞ்சு தடவை, 2-ம் 12-ம் ஒவ்வொரு தடவை. தாயக்கட்டைக்கும் இதே மாதிரி கணக்கு இருக்கு. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம்: 0, 1, 2, 3. மொத்தம் பதினாறு சேர்க்கை. அதுல தாயம் விழறது ரெண்டு, பன்னெண்டு விழறது ஒண்ணே ஒண்ணு. அதாவது எட்டுல ஒரு பங்குதான் தாயம் போடறதுக்கு வாய்ப்பு. எட்டு தடவை உருட்டியும் ஒரு தாயம் கூட விழாம போறதுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேலயே வாய்ப்பு இருக்கு, கணக்குப் போட்டுப் பாருங்க. தாயம் விழுந்தாதான் காய் இறங்கும். அது வரைக்கும் மத்தவங்க காய் பழமாகறதைப் பார்த்து வயிறெரியணும்.

ரெண்டுலயும் அதிர்ஷ்டம் இருக்கு, ஆனா அடுத்தவங்க உருட்டும்போது நமக்கு என்ன வேலைங்கறதுல வித்தியாசம் இருக்கு. கேட்டான்ல யார் உருட்டினாலும் அந்த நம்பர்ல நமக்கு ஊர் இருந்தா நமக்கும் சரக்கு வரும். அதுவுமில்லாம பேரம் பேசலாம். இங்கதான் அத்தை விஸ்வரூபம் எடுத்தாங்க. ஆவடி மார்க்கெட்ல முப்பது வருஷம் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசின நாக்கு. "ரெண்டு செங்கல் குடு, ஒரு ஆடு தரேன். வேணாமா? சரி போ, உன் செங்கலை நீயே வச்சு அடுக்கு." ரங்கமணி ஆபீஸ்ல பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். அம்மா கிட்ட ஒரு பேரம் கூட ஜெயிக்கலை.

ஏழு விழுந்தா திருடனைத் தூக்கி யார் நிலத்துலயாவது வைக்கலாம். அத்தை பேரன் மேல வைக்க மாட்டாங்க, மகன் மேல யோசிப்பாங்க, மருமக மேலன்னா யோசனையே கிடையாது, டப்புனு வச்சுடுவாங்க. பதினெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில வெளிய வராததெல்லாம் ஒரு சின்ன மரக்கட்டையில வெளிய வந்துடுச்சு. நானும் திருப்பி வச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்த சிரிப்புக்காகவே கேட்டானுக்குத் தனி மார்க்.

குறை என்னன்னா, ஆரம்பத்துல வீடு வைக்கிற இடம் சொதப்பினா மீதி ஒண்ணேகால் மணி நேரமும் ஆடு மேய்க்கறதுதான் வேலை. வெளிய அனுப்ப மாட்டாங்க, ஆனா உள்ள இருந்தும் பிரயோஜனம் இல்லை. கூடவே, பெட்டியில எழுதின மாதிரி மூணு இல்லேன்னா நாலு பேர்தான். ஆறு பேர் உள்ள வீட்ல ரெண்டு பேர் வெளிய.

மார்க்: இங்கிலீஷ் பாஸ் (சில சீட்டுல மட்டும் எழுத்து இருக்கு, ஒரு தடவை சொல்லிட்டா போதும்), ஃபேன் ஓரளவு, மறு ஆட்டம் பாஸ். எழுந்து போறது... நேரம் ஜாஸ்திங்கறதால ஜஸ்ட் பாஸ்.

டிக்கெட் டு ரைடு

ஆலன் மூன் பண்ணினது, 2004. அந்த வருஷமே ஜெர்மனியோட 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கிச்சு. கலர் சீட்டு சேர்த்து, அதே கலர் தண்டவாளத்துல நம்ம ரயில் பெட்டியை அடுக்கணும். கையில ரகசியமா டிக்கெட் இருக்கும்: இந்த ஊர்ல இருந்து அந்த ஊருக்கு. கடைசியில இணைப்பு முழுசா இருந்தா புள்ளி, இல்லேன்னா அதே புள்ளி கழிவு.

எங்க ஊருக்காரனுக்கு ரயிலைப் பத்திச் சொல்லித் தரணுமா? தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோட்டுக்குப் போச்சு, எங்க தடத்து வழியாத்தான். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் நடுவுல ஒரு லோக்கல் விட்டா அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்னு மனப்பாடமா தெரிஞ்ச ஜனம் நாங்க. அதனால "நான் போக வேண்டிய லைன்ல எவனோ பெட்டியை வச்சுட்டான்"ங்கற வயித்தெரிச்சலை விளக்க வேண்டியதே இல்லை. ரங்கமணி இதுல கில்லாடி. அமெரிக்கா படம் பார்த்துக்கிட்டே "அம்பத்தூர்ல அடைச்சா என்ன, பெரம்பூர் சுத்திப் போறேன்"னு வேற வழி பிடிப்பார்.

டிக்கெட்ல ஊர் பேர் இங்கிலீஷ்லதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு டிக்கெட்லயும் குட்டியா படம் போட்டு ரெண்டு ஊரையும் புள்ளி வச்சுக் காட்டியிருப்பாங்க. அத்தை பேரையே பார்க்கறதில்லை. "இந்த மூலைக்கு இது, அந்த மூலைக்கு அது", அவ்வளவுதான். ஒருத்தர் முறை வந்தா செய்யக்கூடியது மூணே விஷயம்தான், சீட்டு எடு, லைன் பிடி, புது டிக்கெட் எடு. விதிமுறை அஞ்சு நிமிஷத்துல புரியும். 2011-ல இந்தியா படமும் போட்டிருக்காங்க. அதுல ஒரே டிக்கெட்டை ரெண்டு வேற வேற வழியில இணைச்சா கூடுதல் புள்ளி. லோக்கலும் பஸ்ஸும் மாறி மாறிப் பிடிக்கிற எங்களுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு.

மார்க்: ஃபேன்ல மட்டும் ஃபெயில். சீட்டுக் கட்டு மேல அரிசி டப்பா மூடியைக் கவுத்து வச்சுதான் ஆடறோம்.

பாண்டமிக், அப்புறம் ஹனாபி

மாட் லீகாக்கோட பாண்டமிக் 2008-ல வந்தது. இதுல யாருக்கும் யாரும் எதிரி கிடையாது, எல்லாரும் ஒரே அணி. உலகம் பூரா நாலு நோய் பரவும், நாலுக்கும் மருந்து கண்டுபிடிச்சா எல்லாரும் ஜெயிச்சோம், இல்லேன்னா எல்லாரும் தோத்தோம். ஒரு ஊர்ல மூணு கட்டை இருக்கும்போது நாலாவது வரணும்னா, அது பக்கத்து ஊருக்கெல்லாம் பரவிடும். அப்படி எட்டு தடவை ஆனா ஆட்டம் குளோஸ்.

அந்தப் படத்துல சென்னையும் இருக்கு. 2021-ல ரெண்டாவது அலையில எங்க தெருவுல மூணு வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு. அதுல ஒருத்தங்க அத்தையோட இருபது வருஷ சிநேகிதி, திரும்பி வரலை. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுதான் இந்தப் பெட்டியைத் திறந்தோம். சென்னை மேல மூணாவது கருப்புக் கட்டை வந்துச்சு. அத்தை அதைக் கையில எடுத்தாங்க, வைக்கலை. "விளையாட்டுக்குக் கூட வேணாம்"னு பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க. யாரும் ஒண்ணும் பேசலை. அன்னிக்கு ஆட்டம் அதோட முடிஞ்சுது. இது அந்த ஆட்டத்தோட குறை கிடையாது. பன்னெண்டு வருஷம் முன்னாடியே எப்படி ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பரவும்னு ஒருத்தர் அட்டையில போட்டுக் காட்டியிருக்கார்னா அது பெரிய விஷயம்தான். ஆனா ஒரு ஆட்டம் எந்த வீட்டுக்குள்ள போகுதுங்கறதும் விமர்சனத்துல சேர்த்திதான்.

அதுக்கு முன்னாடி ஆடின அரை மணி நேரத்துலயே இன்னொரு பிரச்சினை தெரிஞ்சுது. கூட்டணி ஆட்டம்னா எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கணும். எங்க வீட்ல எடுத்தது மாமா ஒருத்தர்தான். "நீ டெல்லி போ, நீ அங்கேயே இரு, நீ அந்தச் சீட்டை அவளுக்குக் குடு." சூப்பர்வைசர் ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்கு வந்துட்டார். மிச்ச பேர் கையை மட்டும் கடன் கொடுத்தோம்.

இதுக்கு மருந்து ஹனாபி. ஆந்த்வான் பௌசாங்கற பிரெஞ்சுக்காரர் பண்ணினது, 2013-ல அதே ஜெர்மன் விருது. அம்பதே சீட்டு, அஞ்சு கலர், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர். கூத்து என்னன்னா, நம்ம சீட்டை நாம பார்க்கக் கூடாது, திருப்பிப் பிடிக்கணும். மத்தவங்கதான் பார்த்து "உன் கையில இந்த ரெண்டும் சிவப்பு"ன்னு குறிப்பு தரணும். அந்தக் குறிப்புக்கும் அளவு உண்டு. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது, முகத்தையும் சுளிக்கக் கூடாது. மாமாவுக்கு தன் சீட்டே தெரியாதுங்கறப்போ யாரை அதட்டுவார்? எங்க வீட்டு வரலாற்றுல அவர் அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு, அத்தை சொல்றதுக்காகக் காத்திருந்த ஒரே ஆட்டம் இதுதான். அத்தை ஒரு தடவை வேணும்னே ரொம்ப நேரம் யோசிச்ச மாதிரி எனக்குப் பட்டுச்சு :-)

ஹனாபி மார்க்: நாலுலயும் பாஸ். விலையும் கம்மி. ஆனா அஞ்சு பேர் வரைக்கும்தான்.

அசூல்

மைக்கேல் கீஸ்லிங், 2017. அடுத்த வருஷமே விருது. போர்ச்சுகல் நாட்டு ஓடு பதிக்கிற கலைதான் கரு. அஞ்சு கலர்ல கனமான நூறு ஓடு. ஒரு தட்டுல இருந்து ஒரு கலர் முழுக்க எடுத்துக்கணும், மிச்சத்தை நடுவுல தள்ளணும். நம்ம வரிசையில இடமில்லாம மிஞ்சின ஓட்டுக்கெல்லாம் கழிவு.

எழுத்தே கிடையாது. ஃபேனை அஞ்சுல வச்சாலும் ஓடு அசையாது. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுடும், எங்க கணக்குல இட்லி ரெண்டு ஈடு. நாலு ஆட்டத்துல மூணு அத்தை ஜெயிப்பாங்க. எப்படின்னு கேட்டா, "நான் எனக்கு என்ன வேணும்னு பார்க்கறதில்லை. கடைசியா நடுவுல என்ன மிஞ்சும், அது யார் தலையில விழும்னு எண்ணுவேன். பல்லாங்குழியில எண்ண மாட்டமா?"

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. பல்லாங்குழியில பகடையே கிடையாது. பதினாலு குழி, ஒரு குழியில இருந்து எடுத்தா எங்க போய் முடியும்னு எண்ணி எடுக்கணும், நாலு சேர்ந்தா பசு. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத சுத்தமான கணக்கு. நாப்பது வருஷம் முன்னாடி பாட்டி வீட்ல புளியங்கொட்டையை வச்சு எண்ணின கை, இன்னிக்கு போர்ச்சுகல் ஓட்டை வச்சு எங்க எல்லாரையும் துவைக்குது.

கோட்நேம்ஸ், தமிழ்ல

விளாடா ஹ்வாட்டில்ங்கற செக் நாட்டுக்காரர் பண்ணினது, 2015. இருபத்தஞ்சு வார்த்தையை அஞ்சுக்கு அஞ்சா மேசையில வைப்பாங்க. ரெண்டு அணி. ஒரு தலைவர் ஒரே ஒரு வார்த்தையும் ஒரு நம்பரும் சொல்வார், அதை வச்சு அவரோட அணி தங்களுக்குரிய வார்த்தைகளைக் கண்டுபிடிக்கணும். நடுவுல ஒரு வார்த்தை கொலைகாரன். அதைத் தொட்டா ஆட்டம் காலி. எட்டு பேரும் அதுக்கு மேலயும் ஆடலாம்.

இங்கிலீஷ் ஆட்டம், அத்தைக்கு ஃபெயில்னு ஒதுக்கி வச்சிருந்தோம். பெரியவதான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் தமிழ் வார்த்தை எழுதினா. மக்களே, இந்த ஆட்டம் நம்ம பாஷைக்குன்னே பிறந்தது. ஆறு, மாலை, படி, நூல், திங்கள், கால், மதி, ஓடு, அடி, கல். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு அர்த்தம். ஒரு நாள் அத்தை தலைவர். "கோயில், மூணு"ன்னாங்க. மாலை, மணி ரெண்டையும் தொட்டாச்சு. மூணாவது படின்னு நான் சொல்றதுக்குள்ள மாமா கல் மேல கையை வச்சுட்டார். கல்தான் கொலைகாரன். "கோயில்னா கல்லு இல்லாமயா?"ன்னு மாமா கத்த, "கல்லு மட்டும் இருந்தா அது குவாரி, படியேறினாதான் கோயில்"னு அத்தை கத்த, பக்கத்து வீட்டக்கா என்னமோ ஏதோன்னு ஓடி வந்து, அப்படியே உக்காந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க.

மார்க்: தமிழ்ல நாலுக்கு மூணு. ஃபேனுக்கு மட்டும் வெண்டைக்காய் பிஞ்சை வெயிட்டா வைக்க வேண்டியிருக்கு.

நம்ம ஆட்டமா, வெளியூர் ஆட்டமா?

இதை எழுதினா ஒரு கோஷ்டி "நம்ம பாரம்பரிய ஆட்டம் இருக்க எதுக்கு ஜெர்மன்காரன் ஆட்டம்?"னு வரும். இன்னொரு கோஷ்டி "தாயம், பரமபதமெல்லாம் ஒரு ஆட்டமா, மூளைக்கு வேலையே இல்லையே"ன்னு வரும். ரெண்டு பேருக்கும் சேர்த்து சொல்லிடறேன்.

பரமபதத்துல நாம எடுக்கற முடிவுன்னு ஒண்ணு கூட இல்லைதான். ஆனா அதை எப்ப ஆடினாங்க? வைகுண்ட ஏகாதசி ராத்திரி, தூக்கம் வராம இருக்க. வெறும் வயித்தோட, ராத்திரி மூணு மணிக்கு, பாட்டியும் பேத்தியும் கண் சொருக ஆடறதுக்கு மூளையைக் கசக்கற ஆட்டம் எதுக்கு? அந்த வேலைக்கு அது கச்சிதம். ஆடு புலி ஆட்டத்துல மூணு புலி, பதினஞ்சு ஆடு, ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற பலம், வேற வேற குறிக்கோள். இன்னிக்கு அதே விஷயத்தை வச்சு வர்ற பெட்டியைப் புதுமைன்னு கொண்டாடறாங்க. நம்மூர்ல அதைப் பாறையில கீறி வச்சு ஆடியிருக்காங்க. நம்ம பச்சீசிதான் 1896-ல இங்கிலாந்துல காப்புரிமை வாங்கி லூடோன்னு திரும்பி வந்துச்சு. ஆட்டத்துக்கு பாஸ்போர்ட் பார்க்கறதுல அர்த்தமே இல்லை.

அதே சமயம், பழசுங்கறதுக்காகவே கும்பிடவும் நான் தயாரில்லை. சென்னையில வினிதா சித்தார்த்தா 2002-ல ஆரம்பிச்ச கிரீடா மாதிரி முயற்சியால பல்லாங்குழியும் தாயமும் கடையில திரும்பக் கிடைக்குது, ரொம்ப நல்ல விஷயம். ஆனா வாங்கி ஷோகேஸ்ல வச்சா அது பொம்மை. பழைய ஆட்டத்துக்குச் சாக்பீசும் புளியங்கொட்டையும் போதும். அந்த ஒரு விஷயத்துல எந்தப் பெட்டியும் அதுக்குப் பக்கத்துல வர முடியாது. பல்லாங்குழிக்கு ரெண்டு பேர் போதும், அசூல் நாலு பேர் வரைக்கும், பத்து பேர் வந்தா கோட்நேம்ஸ்தான். வீட்ல எத்தனை பேர், எவ்வளவு நேரம், யார் கண்ணாடி தேடறாங்கன்னு பார்த்து எடுக்கணும்.

"ஆட்டம் மாத்தினா சமையல் வேலை மாறிடுமா? வேலையைப் பங்கு போடறதை விட்டுட்டு பெட்டியை மாத்தச் சொல்றியே"ன்னு தம்பி பொண்டாட்டி கேட்டா. நியாயமான கேள்வி. பெட்டி சமைக்காது. ஆனா அத்தை கடைசி வரைக்கும் உக்காந்து ஆட ஆரம்பிச்ச பிறகுதான், ஆறு மணிக்கு யாரோ டீ போடணும்ங்கறதே மத்த அஞ்சு பேர் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அது வரைக்கும் டீ தானா வந்துக்கிட்டு இருந்துச்சு.

இப்ப எங்க வீட்ல விதி இதுதான். பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி சின்னவன் உட்பட ஆறு பேரும் தாயக்கட்டையை ஒரு தடவை உருட்டணும். கம்மியா விழுந்தவங்க டீ போட்டு ஃபிளாஸ்க்ல கொண்டு வந்து வைக்கணும். அதிர்ஷ்டம் மோசமான ஆட்டக்காரன்னு விமர்சகர்கள் திட்டறாங்க. எனக்கென்னமோ இந்த ஒரு வேலைக்கு அதைவிட நியாயமான ஆள் கிடையாது. வயசு, ஆம்பளை பொம்பளை, மாமியார் மருமக, எதையும் அது பார்க்கறதில்லை. போன ஞாயித்துக்கிழமை மாமாவுக்குத் தாயம் விழுந்துச்சு. டீயில சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.

டிஸ்கி: பெட்டி ஒண்ணுதான் வாங்க முடியும்னா அசூல். காசே செலவு பண்ண மாட்டேன்னா, பழைய பத்திரிகையை வெட்டி இருபத்தஞ்சு வார்த்தை எழுதுங்க. ரெண்டு அர்த்தம் வர்ற தமிழ் வார்த்தை உங்க கிட்ட இருந்தா எனக்கும் கொடுங்க, எங்க வீட்ல அறுபதோட நிக்குது.